ட்ரை டொக்குக்குப் போகும் பீடர் கப்பல்: எதில் பணம் போடுவது?

கொழும்பிலிருந்து சென்னை, கொல்கத்தா, சிட்டகொங் என்று ஓடும் ஒரு பீடர் கப்பலை, அதாவது பெரிய தாய்க்கப்பல்களுக்குக் கொள்கலன்களைக் கொண்டுவந்தும் பிரித்தெடுத்தும் செல்லும் சிறிய கப்பலை, எடுத்துக்கொள்வோம். 1,700 இருபதடிக் கொள்கலன் கொள்ளும். வயது 12 முதல் 15 வரை. அடுத்த ஆண்டு ட்ரை டொக், அதாவது நீர் வடித்த தடாகத்தில் ஏற்றிப் பழுதுபார்ப்பது. கம்பனியிடம் உள்ள பணத்துக்கு ஓர் அளவு உண்டு. மேசையிலோ ஸ்கிரபர் (புகையிலுள்ள கந்தகத்தைக் கழுவும் கருவி), புதுப் பெயின்ற், புரொப்பெல்லர் மாற்றம், உயிர் எரிபொருள், மெதனோல், கரை மின்சாரம் என்று விலைமனுக்கள் குவிந்து கிடக்கின்றன. எல்லாமே சூழலைக் காப்பதாகத்தான் சொல்கின்றன. எது இந்தக் கப்பலுக்கு, இந்தத் துறைமுகத்துக்குப் பொருந்தும் என்பதே கேள்வி.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முதல் பணம் நீருக்கடியிலுள்ள தகட்டுக்கும் புரொப்பெல்லருக்கும் போகவேண்டும். அதோடு சேர்த்து, வேகத்தையும் வருகை நேரத்தையும் ஒப்பந்தத்தில் திருத்த வேண்டும். அதற்குச் செலவு மிகக் குறைவு. துறைமுகத்தில் நிற்கும்போது ஜெனரேட்டருக்குக் கந்தகம் குறைந்த டீசல். ஸ்கிரபர் வேண்டாம். காரணங்கள் கீழே.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். எரிஎண்ணெயில் கந்தகம் 0.50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற விதி 2020 ஜனவரி 1 முதல் உலகம் முழுவதும் உண்டு. 5,000 மொத்தத் தொன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு 2023 முதல் ஏ தொடங்கி ஈ வரை கார்பன் தரம் இடப்படுகிறது. மூன்று ஆண்டு தொடர்ந்து டி, அல்லது ஓராண்டு ஈ என்றால் திருத்தத் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். அளவுகோலும் ஆண்டுதோறும் இறுகுகிறது: 2019ஐ அடிப்படையாகக் கொண்டு 2023இல் 5 சதவீதம், 2026இல் 11 சதவீதம். கார்பனுக்கு உலக அளவில் விலை வைக்கும் திட்டத்தைப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2025 ஏப்ரலில் அங்கீகரித்தது. ஒக்டோபரில் வாக்கெடுப்பை ஓராண்டு தள்ளிவைத்தது. ஐரோப்பாவுக்குப் போகாத பீடருக்கு இன்று கார்பனுக்கென்று தனிக் கட்டணம் இல்லை. ஆகவே எரிஎண்ணெயை மிச்சம் பிடிக்கும் வழிகள்தான் தம் செலவைத் தாமே மீட்டுத் தரும்.

ஸ்கிரபரா, கந்தகம் குறைந்த எண்ணெயா

கணக்கு மட்டும் பார்த்தால் ஸ்கிரபர் கவர்ச்சியானதுதான். ஆண்டுக்கு 6,000 தொன் எரிக்கும் கப்பலுக்கு, ஸ்கிரபர் இருந்தால் எரிக்கக்கூடிய கந்தகம் கூடிய மலிவு எண்ணெய்க்கும் கந்தகம் குறைந்த எண்ணெய்க்கும் இடையில் தொன்னுக்கு 100 டொலர் வித்தியாசம் இருந்தால் 6 லட்சம் டொலர் மிஞ்சும். பொருத்தும் செலவு 30 லட்சம் டொலர் என்று வைத்தால் ஐந்து ஆண்டில் திரும்பிவிடும். வித்தியாசம் 50 டொலராக இறங்கினால் அதே கணக்கு பத்து ஆண்டாகிவிடும். அதற்குள் இந்தக் கப்பல் உடைக்கப் போய்விடும். பீடர்கள் பெரிய கப்பல்களைப் போல எண்ணெய் குடிப்பதில்லை. ஸ்கிரபரின் லாபம் எரிக்கும் அளவோடுதான் வளரும்.

கடலுக்கு என்ன நடக்கிறது என்பது இதைவிடப் பெரிய விடயம். திறந்த வட்ட ஸ்கிரபர் ஒரு மெகாவொட் மணிக்குச் சுமார் 45 கனமீற்றர் கடல்நீரை உறிஞ்சி, புகையைக் கழுவி, அமிலமாகத் திருப்பி ஊற்றுகிறது. 6 மெகாவொட்டில் ஓடும் எஞ்சினுக்கு இது மணிக்கு 270 கனமீற்றர், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 6,500 கனமீற்றர். அந்த நீரில் வனேடியம், நிக்கல், பல்வளைய ஐதரோகார்பன்கள் எல்லாம் உண்டு. காற்றில் போகவேண்டிய அழுக்கு தண்ணீரில் போகிறது, அவ்வளவுதான். பம்புகளை ஓட்ட 1 முதல் 3 சதவீதம் எண்ணெய் கூடுதலாகச் செலவாவதால் கார்பனும் ஏறுகிறது. சிங்கப்பூர் 2020 தொடக்கத்திலேயே இந்தக் கழிவுநீரைத் துறைமுக எல்லைக்குள் தடைசெய்தது. டென்மார்க்கும் சுவீடனும் 2025 ஜூலையில் தம் கடற்பரப்பில் தடைசெய்தன. தடைப் பட்டியல் நீளுமே தவிரச் சுருங்காது.

இயந்திர அறைக்கும் தலைவலி உண்டு. வெளியேற்றக் குழாய் கப்பல் தகட்டைச் சந்திக்கும் குட்டைத் துண்டில் உட்பூச்சு சரியாக அமையாவிட்டால், அமில நீர் இரண்டு ஆண்டுக்குள்ளேயே உருக்கை அரித்துத் துளையிட்டுவிடும். அந்தத் துளை வெளிப்பக்க வால்வுக்கும் தகட்டுக்கும் இடையில் வந்தால் மூடுவதற்கு எதுவும் இல்லை. கடல்நீர் நேரே இயந்திர அறைக்குள். காப்புறுதிக் கழகங்கள் இதைத் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கின்றன. அதே நீரைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடும் மூடிய வட்ட ஸ்கிரபர் வெளியேற்றும் நீர் மிகக் குறைவு. ஆனால் சோடியம் ஐதரொட்சைட்டும் கசடுத் தொட்டியும் வேண்டும், கசடை இறக்கத் துறைமுகமும் வேண்டும். சிறிய கப்பலில் அதற்கு இடம் தேடுவதே பெரும்பாடு.

கந்தகம் குறைந்த எண்ணெயிலும் சிக்கல் உண்டு. அது முறையாக வேலை செய்தால் தீரும் சிக்கல். ஒவ்வொரு தொகுதியும் வேறு கலவை என்பதால் பழைய எண்ணெய் கிடக்கும் தொட்டியில் புதியதை ஊற்றக்கூடாது. தவிர்க்க முடியாவிட்டால் முதலில் இரண்டையும் கலந்து தாளில் ஒரு சொட்டு வைத்து வளையம் விழுகிறதா என்று பாருங்கள். வளையம் விழுந்தால் கசடு பிரியும், எண்ணெயைச் சுத்தம் செய்யும் பியூரிஃபையர் அடைத்துக்கொள்ளும். பார்ஜிலிருந்து ஏற்றும்போது மனிஃபோல்டில் சொட்டுச் சொட்டாக, ஏற்றும் நேரம் முழுவதும் மாதிரி எடுக்க வேண்டும்; மார்போல் (கப்பல் மாசைத் தடுக்கும் பன்னாட்டு உடன்படிக்கை) கேட்கும் மாதிரியை 12 மாதமும் விநியோகச் சீட்டை மூன்று ஆண்டும் வைத்திருக்க வேண்டும். அலுமினியம், சிலிக்கன் துகள் விநியோகத்தில் கிலோவுக்கு 60 மில்லிகிராம் வரை அனுமதி. எஞ்சின் வாயிலில் 15ஐத் தாண்டினால் லைனரும் பிஸ்டன் வளையமும் தேயும். பியூரிஃபையரை வெப்பம் குறையாமல், மெதுவான ஓட்டத்தில் ஓட்டினால் இது கட்டுக்குள் நிற்கும்.

தகடும் புரொப்பெல்லரும்

எங்கள் வாக்கு இங்கேதான். கொழும்புக் கடல்நீர் ஆண்டு முழுவதும் 27 முதல் 30 பாகை. வெளி நங்கூரத் தளத்தில் சில நாள் நின்றாலே பாசிப்படலம் பிடிக்கத் தொடங்கும்; அது தடித்தால் கொட்டலசு ஒட்டும். அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள வழுவழுப்புப் படலம் தகட்டில் பாதியை மூடினாலே பச்சைவீட்டு வாயு வெளியேற்றம் 25 முதல் 30 சதவீதம் வரை கூடலாம் என்று பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு பங்கேற்ற ஆய்வொன்று 2021இல் மதிப்பிட்டது. கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத படலத்துக்கே இந்த விலை.

இந்த அளவுக் கப்பலில் நனையும் பரப்பு சுமார் 5,500 சதுர மீற்றர். பதினைந்து ஆண்டாக ஒட்டுப்போட்டு அடித்த பெயின்ற் படைபடையாக இருக்கும். அதன் மேல் எவ்வளவு விலையுயர்ந்த பூச்சை அடித்தாலும் கரடுமுரடு அப்படியேதான் இருக்கும். எனவே விலைமனுவில் முதலில் பார்க்க வேண்டியது பெயின்றின் பெயரை அல்ல, பிளாஸ்ட் (கடினத் துகள்களை வேகமாக அடித்துப் பழைய பெயின்றை உரிப்பது) எவ்வளவு என்பதை. முழுத் தகட்டையும் எஸ்ஏ 2.5 தரத்துக்கு உருக்கு வெளிறும்வரை பிளாஸ்ட் செய்வதா, புண்பட்ட இடங்களை மட்டும் தொடுவதா? டொக்கில் நாலைந்து நாள் கூடும், செலவும் கூடும். இந்த வயதில் ஒருமுறை முழுவதுமாகச் செய்துவிட்டால் கப்பலின் மீதி ஆயுள் முழுவதும் அதன் பயன் வரும்.

பூச்சில் இரண்டு தெரிவு. செம்பு கலந்த, தானே தேய்ந்து புதுமுகம் காட்டும் பெயின்ற் மலிவு. தகட்டில் பிடிப்பும் அதிகம். ஆனால் செம்பு கடலில் கரைந்துகொண்டே இருக்கும். சிலிக்கோன் பூச்சில் நஞ்சு இல்லை அல்லது மிகக் குறைவு. வழுக்கும் பரப்பில் உயிரிகள் பிடித்து நிற்க முடியாமல் ஓட்டத்தில் உதிரும். அதற்குக் கப்பல் அடிக்கடி 12 நொட்டுக்கு மேல் ஓட வேண்டும். நாள்கணக்கில் நின்றால் பாசி உட்கார்ந்துவிடும். இழுவைப் படகும் துறைமேடை ஃபெண்டரும் உரசும் இடத்தில் சிலிக்கோன் தோல்போல் உரிந்துவிடும். பீடரோ வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை மேடையை அணைகிற கப்பல். முழு பிளாஸ்டுக்குப் பணம் உண்டு, ஓடும் நாட்களும் அதிகம் என்றால் தட்டையான அடிப்புறத்திலும் பக்கங்களின் கீழ்ப்பகுதியிலும் சிலிக்கோன், ஃபெண்டர் படும் பட்டியில் கடினப் பூச்சு என்று பிரித்து அடிப்பது நல்லது. முழு பிளாஸ்ட் இயலாது என்றால் சிலிக்கோனை மறந்துவிடுங்கள். பழைய பெயின்றின் மேல் அது நிற்காது. சிலிக்கோன் தெளிக்கும்போது காற்றில் பறக்கும் துளி பக்கத்தில் அடிக்கும் மற்றப் பெயின்றைக் கெடுக்கும் என்பதால் கருவிகளும் குழாய்களும் தனியாக இருக்க வேண்டும் என்று டொக்யார்டுடன் எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

காலமும் முக்கியம். பெயின்ற் அடிக்கும்போது தகட்டின் வெப்பநிலை பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 பாகை கூட இருக்க வேண்டும். ஈரப்பதன் 85 சதவீதத்துக்குக் கீழே. தென்மேற்குப் பருவத்திலும் ஒக்டோபர், நவம்பர் மாதப் பிற்பகல் இடிமழையிலும் கொழும்பில் இது கிடைப்பது கடினம். பிளாஸ்ட் செய்த உருக்கு ஒரே இரவில் செம்மஞ்சளாகிவிடும். ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை நல்ல காலம். கொழும்பு டொக்யார்டின் நான்கு தடாகங்களுக்கும் அப்போது கிராக்கி இருக்கும். முன்கூட்டியே இடம் பிடியுங்கள். பிளாஸ்டுக்கு முன் உயரழுத்த நன்னீரால் கழுவி, உப்புப் பரிசோதனை செய்த பிறகே அடுத்த வேலை. உப்பு உள்ளே அகப்பட்டால் ஆறு மாதத்தில் கொப்புளம் போடும்.

மறந்துவிடும் இடங்கள் சில: கடல்நீர்ப் பெட்டிகளின் கம்பிவலை, முன்புற உந்தியின் குகை, சுக்கானின் இணைப்புகள், டொக் கட்டைகள் தாங்கிய இடங்கள். கட்டைகளைச் சென்ற தடவையின் இடத்திலிருந்து நகர்த்தி வைக்கச் சொல்லாவிட்டால் அந்தச் சதுரங்கள் பத்து ஆண்டு பூச்சே காணாமல் கிடக்கும். இந்தப் பொந்துகளில்தான் அந்நிய உயிரிகள் துறைமுகம் விட்டுத் துறைமுகம் பயணிக்கின்றன. பல நாட்டுக் கப்பல்கள் சந்திக்கும் கொழும்புக்கு இது வெறும் எண்ணெய்க் கணக்கு அல்ல.

புரொப்பெல்லரைக் கண்ணாடிபோல் மெருகேற்றுவது எல்லாவற்றிலும் மலிவு. சில ஆயிரம் டொலரில் சுழியோடிகள் ஒரே நாளில் முடிப்பார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்யலாம். டொக்கில் இருக்கும்போது புரொப்பெல்லர் முனைத் தொப்பியில் சிறகு பொருத்தினால் 2 முதல் 3 சதவீதம் எதிர்பார்க்கலாம். தயாரிப்பாளர் சொல்வது 5 வரை போகும். புரொப்பெல்லருக்கு முன்னே வளையம் பொருத்தும் சாதனங்கள் பருத்த, மெதுவான கப்பல்களுக்கானவை. கொள்கலன் கப்பலுக்கு வாங்காதீர்கள்.

டொக்குக்கு இடையில் தண்ணீருக்கடியில் சுத்தம் செய்வதானால் செம்புப் பெயின்றைக் கடின தூரிகையால் தேய்க்கக்கூடாது. அது மேகமாகச் செம்பைத் துறைமுகத்தில் கொட்டும், பூச்சின் ஆயுளையும் குறைக்கும். மென்தூரிகையும் கழிவை உறிஞ்சிப் பிடிக்கும் கருவியும் உள்ள குழுவை மட்டும் எடுங்கள். துறைமுக அதிகார சபையிடமும் கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபையிடமும் முன்னரே கேட்டுவிடுங்கள்.

வேகம், காத்திருப்பு

தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு ஏறும். 18 நொட்டில் நாளுக்கு 45 தொன் எரிக்கும் எஞ்சின் 15 நொட்டில் 26 தொன் அளவில் எரிக்கும். 1,200 கடல் மைல் பயணத்துக்கு 18 நொட்டில் 66.7 மணி, 125 தொன். 15 நொட்டில் 80 மணி, 87 தொன். கூடுதல் 13 மணி நேரத்துக்கு ஜெனரேட்டர் 2 தொன் குடித்தாலும் நிகர மிச்சம் 36 தொன் எண்ணெய், அதாவது 110 தொன்னுக்கு மேல் கார்பனீரொட்சைட்டு. ஒரே பயணத்தில்.

இந்த 13 மணி எங்கிருந்து வரும்? பெரும்பாலும் நங்கூரத் தளத்திலிருந்துதான். கொழும்பில் பெரிய தாய்க்கப்பலின் நேரம் தவறினால் காத்திருப்பது பீடர். செங்கடல் நெருக்கடியால் 2024இல் துறைமுகம் நெரிந்தபோது இது எல்லாருக்கும் தெரிந்தது. முழுவேகத்தில் ஓடிவந்து வெளியே நிற்பது எண்ணெயை வீணாக எரிப்பது. கார்பன் தரத்துக்கும் அது அடி. அந்தக் கணக்கில் வெளியேற்றத்தை வகுப்பது ஓடிய தூரம். நிற்கும் கப்பல் தூரம் சேர்ப்பதில்லை, புகை மட்டும் சேர்க்கிறது. பயணம் முழுவதும் வருகை நேரத்துக்கேற்ப வேகத்தைச் சரிசெய்தால் கொள்கலன் கப்பலுக்குச் சராசரியாக 14 சதவீதம், கடைசி 12 மணி நேரத்தில் மட்டும் செய்தால் 4 சதவீதம் எண்ணெய் மிஞ்சும் என்று 2022இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. டெர்மினல் மேடை நேரத்தை 24 மணிக்கு முன்னரே உறுதிப்படுத்தி, மாறினால் உடனே கப்பலுக்குச் சொல்ல ஏஜென்டை ஒப்பந்தத்தால் கட்டுங்கள்.

தடை ஒப்பந்தத்தில் இருக்கிறது. காலவாடகையில் எண்ணெய்க்குப் பணம் கட்டுவது வாடகைக்கு எடுத்தவர். பெயின்றுக்குக் கட்டுவது கப்பல் உரிமையாளர். மிச்சம் ஒருவருக்கு, செலவு மற்றவருக்கு. முழு பிளாஸ்டுக்குக் கை வராததன் உண்மைக் காரணம் பலவேளை இதுதான். அடுத்த ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேருங்கள்: அளந்து நிரூபித்த மிச்சத்தில் உரிமையாளருக்கு ஒரு பங்கு, மேடை நேரத்துக்காக வேகம் குறைத்தால் அது தாமதக் குற்றமாகாது.

மெதுவோட்டத்தில் எஞ்சின் கெடுவது எங்கே? சுமை 30, 40 சதவீதத்துக்குக் கீழே போனால் துணை ஊதுவிசிறிகள் இயங்கத் தொடங்கும், எரிதல் மங்கும், வெளியேற்ற வாயுக் கொதிகலனில் கரி படியும். அந்தக் கரி தீப்பற்றும். லைனர் குளிர்ந்தால் கந்தக அமிலம் சுவரை அரிக்கும். நாளுக்கு ஒருமுறை சுமையை 70 சதவீதத்துக்கு மேல் மெல்ல ஏற்றி ஒரு மணி நேரம் ஓட்டுங்கள், கொதிகலனைத் தவறாமல் ஊதுங்கள், சிலிண்டர் எண்ணெய் அளவை வடிகால் எண்ணெய்ப் பரிசோதனையைப் பார்த்து அமையுங்கள்.

இந்த வழித்தடத்துக்கு மட்டுமே உரிய இன்னொரு காரணம் உண்டு. பாக்கு நீரிணையின் ஆழமின்மையால் கொழும்பிலிருந்து சென்னைக்குப் போகும் கப்பலும் தெற்கே தெவுந்தர முனையைச் சுற்றித்தான் போக வேண்டும். மிரிஸ்ஸவுக்கு வெளியே நீலத்திமிங்கிலங்கள் இரை தேடுவதும் அதே கடலில். கப்பல் மோதும்போது திமிங்கிலம் சாகும் வாய்ப்பு சுமார் 12 நொட்டுக்குக் கீழே 50 சதவீதத்தைவிடக் குறைந்துவிடுகிறது. எம்எஸ்சி கொள்கலன் கப்பல் நிறுவனம் 2022இல் தன் கப்பல்களைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே நகர்த்தியது. கரையோரம் போகவேண்டிய பீடர்களை 10 நொட்டுக்குக் கீழே ஓடச் சொன்னது. தெற்கே விலகினால் சில மைல் கூடும். வேகம் குறைத்து மிஞ்சிய எண்ணெயோடு பார்த்தால் அது பொருட்டல்ல. மாஸ்டருக்கான நிரந்தரக் கட்டளையில் இதை எழுதிவிடுங்கள்.

நகரத்தின் பக்கம் பார்க்கும் தெரிவு

தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மேடையில் நிற்கும் கப்பல்களின் புகை கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் பக்கம்தான் போகிறது. அங்கே சன்னல் திறந்து வாழும் குடும்பங்களுக்கு ஆண்டுக் கார்பன் தரம் எதுவும் செய்யாது. மேடையில் ஜெனரேட்டரை 0.10 சதவீதக் கந்தக டீசலுக்கு மாற்றினால் கந்தகம் ஐந்தில் ஒன்றாகும். நாளுக்கு 4 தொன், தொன்னுக்கு 150 முதல் 200 டொலர் கூடுதல் என்றால் 600 முதல் 800 டொலர். சட்டம் கேட்காவிட்டாலும் இதைச் செய்யத் தகும். மாற்றும்போது வெப்பம் நிமிடத்துக்கு 2 பாகைக்கு மேல் மாறக்கூடாது. மாறினால் எரிபொருள் பம்பு இறுகிவிடும். எங்கள் இயந்திர அறைச் சூட்டில் டீசல் நீர்த்து, அதன் பாகுத்தன்மை 2 சென்டிஸ்டோக்குக்குக் கீழே இறங்கும் அபாயம் உண்டு. குளிர்விப்பான் தேவையா என்று தயாரிப்பாளரிடம் கேளுங்கள்.

கரை மின்சாரம் இதைவிட நல்லது. ஆனால் நாட்டு மின்சாரம் 50 ஹேட்ஸ், பெரும்பாலான கப்பல்கள் 60 ஹேட்ஸ். மாற்றும் நிலையம் கரையில் இருக்க வேண்டும். மேடையில் இணைப்பு இல்லாமல் கப்பலில் மட்டும் பெட்டி பொருத்துவது பயனற்ற செலவு. இந்த டொக்கில் கேபிள் பாதைக்கும் சுவிட்ச்போர்டுக்கும் இடம் ஒதுக்கினால் போதும்.

வேறு எரிபொருள்கள்

உயிர் எரிபொருள்தான் பழைய எஞ்சினுக்கு ஏற்றது. பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்து எடுத்ததை 24 சதவீதம் கலந்தால் முழு ஆயுட்கணக்கில் ஏறத்தாழ 20 சதவீதம் குறையும். அது தாராளமாகக் கிடைப்பது சிங்கப்பூரில். இந்தப் பீடர் அந்தப் பக்கம் போவதில்லை. கிடைத்தால் மூலச் சான்றிதழைக் கேளுங்கள்; சான்று இல்லாதது கார்பன் தரத்தில் எண்ணப்படாது. நீரை ஈர்க்கும், தொட்டியில் நுண்ணுயிர் வளரும், பழைய கசடைக் கிளப்பி வடிகட்டியை அடைக்கும், நைட்ரைல் சீல்களை வீங்கச் செய்யும். மூன்று மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

திரவ இயற்கைவாயுவை இந்தக் கப்பலுக்கு நினைக்கவே வேண்டாம். இலங்கையில் இறக்குமதி முனையம் இல்லை. நடுத்தர வேக இரட்டை எரிபொருள் எஞ்சினில் 3.1 சதவீத மெதேன் எரியாமல் தப்புகிறது என்று ஐரோப்பிய விதி எண்ணுகிறது. மெதேனின் வெப்பமேற்றும் வலுவை நூறாண்டுக் கணக்கில் கார்பனீரொட்சைட்டின் 28 மடங்காக எடுத்தால், எரிதலில் எண்ணெயைவிட இதற்குள்ள நன்மை 5 சதவீத அளவுக்குச் சுருங்கிவிடும். மெதனோல் புதுக் கப்பலுக்கான தெரிவு. 2023இல் ஓடத்தொடங்கிய முதல் மெதனோல் கொள்கலன் கப்பல் 2,100 கொள்கலன் பீடர்தான். ஒரே சக்திக்கு டீசலின் 2.3 மடங்கு தொட்டி வேண்டும், இரட்டைச் சுவர்க் குழாய் வேண்டும். நிலக்கரியிலிருந்து எடுத்த மெதனோலை எரித்தால் எண்ணெயைவிட மோசம்.

எதைத் தெரிவுசெய்தாலும் டொக்குக்கு முன் மூன்று மாத அளவீடு வேண்டும். தண்டு முறுக்குமானி, எண்ணெய் ஓட்டமானி, நீரூடான வேகம், மிதப்பாழம், காற்று ஆகியவற்றை நாள்தோறும் பதிந்து, காற்று வலுக்கும் நாட்களை நீக்கிவிட்டு, ஒரே மிதப்பாழத்தில் சக்திக்கும் வேகத்துக்கும் வரைபு போடுங்கள். குளிர்க்கொள்கலன்களின் மின்சாரத்தையும் தனியாகக் குறியுங்கள். கார்பன் தரக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். வேகமானியை டொக்கிலிருந்து வெளிவந்ததும் மீண்டும் சரிபார்க்காவிட்டால் முன்னும் பின்னும் ஒப்பிட முடியாது, வாடகைதாரரிடம் மிச்சத்தின் பங்கையும் கேட்க முடியாது.